சென்னையின் தண்ணீர்க் கணக்கு – 9: ஒரகடம் வரை போன குழாய்

சென்ற வாரம் கிணறுகளோடு நிறுத்தியிருந்தோம். இந்த வாரம் சிலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்க வேண்டிய சங்கதி. சாக்கடையில் விட்ட தண்ணீரைத் திரும்ப எடுப்பது.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் லாரிக்காக நள்ளிரவில் விழித்திருந்த வருடம் அது. அதே 2019இல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் இரண்டு நிலையங்கள் வேலையைத் தொடங்கின. தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை நல்ல நீராக்கும் திறன் கொண்டவை. ரயில் வந்த செய்தியில் இவை அமுங்கிப்போயின.

வழக்கமான சுத்திகரிப்பில் காற்றை ஊதி, நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றை விட்டே அழுக்கைத் தின்ன வைப்பார்கள். முன்பெல்லாம் அதோடு முடித்து ஆற்றில் விட்டுவிடுவது வழக்கம். கோயம்பேட்டில் அதற்கு மேல் மணல் வடிகட்டி, நுண்சவ்வு, ஆர்.ஓ., கடைசியாக ஓசோன். வெளிவரும் தண்ணீர் கூவத்துக்குப் போவதில்லை. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் சிப்காட் தொழிற்சாலைகளுக்குக் குழாயில் போகிறது. கொடுங்கையூர்த் தண்ணீர் மணலிக்கு. மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் 1990களிலிருந்தே கொடுங்கையூர்க் கழிவுநீரை வாங்கித் தாங்களே சுத்தம் செய்து பயன்படுத்தியவை. தண்ணீர்ப் பஞ்சம் அவற்றுக்கு முன்பே பாடம் நடத்திவிட்டது.

இது நடந்ததற்குக் காரணம் எளிது. விற்பவர் குடிநீர் வாரியம், வாங்குபவர் தொழிற்பேட்டை, நடுவே ஒரு மீட்டர். தண்ணீர் கெட்டால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமே இல்லை.

குழப்பம் நம் தெருவில்தான். ஒரு ஆள் ஒரு நாளில் கழிவறையில் ஊற்றும் தண்ணீருக்குத் தேசியக் கட்டட நெறி வைத்திருக்கும் கணக்கு 45 லிட்டர். நாளுக்குத் தலைக்கு மொத்தம் 135 லிட்டர் என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு. ஒரு கட்டடத்தில் பன்னிரண்டு வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்று பார்த்தால் கழிவறைக்கு மட்டும் நாளுக்கு 2,160 லிட்டர். புழல் ஏரியிலிருந்தோ நெம்மேலிக் கடல்நீர் ஆலையிலிருந்தோ காசைக் கொட்டிக் கொண்டுவந்த குடிநீரை அப்படியே கழிவறையில் கொட்டுகிறோம். குளித்த தண்ணீரும் துணி அலசிய தண்ணீரும் அந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

சட்டம் இல்லாமல் இல்லை. குளியல் நீரையும் கழிவறை நீரையும் தனித்தனிக் குழாயில் பிரிக்க வேண்டும் என்று கட்டட விதி பல வருடங்களாகச் சொல்கிறது. வரைபடத்துக்கு ஒப்புதல் தருவது பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அல்லது மாநகராட்சி. குடிநீர், சாக்கடை இணைப்பு தருவது வாரியம். பெரிய வளாகமென்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் வேண்டும். ஒவ்வொருவரும் தங்கள் காகிதத்தைப் பார்க்கிறார்கள். குடிவந்த பிறகு அந்த இரண்டாவது குழாயில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்ப்பது யார் வேலையும் இல்லை. மின்கட்டணத்துக்குப் பயந்து சுத்திகரிப்பு மோட்டாரை அணைத்தே வைத்திருக்கும் வளாகங்களும் உண்டு.

துறைகள் சேர்ந்தால் நடக்கும் என்பதற்கும் இதே ஊரில் சாட்சி இருக்கிறது. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, செய்யாவிட்டால் குடிநீர் இணைப்பைத் துண்டிப்போம் என்றது அரசு. மந்தைவெளியில் மழை மையம் நடத்தும் சேகர் ராகவன் போன்றவர்கள் வீடு வீடாகச் சொல்லிவந்ததற்கு அன்றுதான் பலம் கிடைத்தது. கெடு முடிந்ததும் பிடி தளர்ந்ததும் உண்மைதான். ஆனாலும் ஊரில் நிலத்தடி நீர் ஏறியது.

மறுபயன்பாட்டில் மழைநீரைவிடக் கவனம் அதிகம் வேண்டும். சோப்பு கலந்த தண்ணீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாறும். சமையலறை எண்ணெய் அதில் சேரக்கூடாது. எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், பிளம்பர் தவறிப்போய் மறுபயன்பாட்டுக் குழாயைக் குடிநீர்க் குழாயோடு இணைத்துவிடுவது. அதற்காகவே கலிபோர்னியாவில் மறுபயன்பாட்டு நீருக்கு ஊதா நிறக் குழாய். வீட்டு அளவில் மலிவான வழியும் உண்டு. குளியல் நீரைக் கல்வாழைப் பாத்தியில் விட்டு, மண்ணில் இறக்கச் சொல்லி வந்தார் வேதியியலாளர் இந்துகாந்த் ரகடே. நிலத்தடிக்குப் போகும்போது மண்ணே பாதி வேலையைச் செய்துவிடும்.

அருவருப்பைக் காரணம் சொல்பவர்களுக்குச் சிங்கப்பூர் நினைவிருக்கட்டும். 2002 தேசிய தினத்தன்று அங்கே மக்கள் கூட்டத்தோடு பிரதமரும் சுத்திகரித்த கழிவுநீரைப் பாட்டிலில் குடித்துக் காட்டினார். நம்மைக் குடிக்கச் சொல்லவில்லை, கழிவறைக்கு ஊற்றச் சொல்கிறோம். அவ்வளவுதான்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறில் இப்போது பழைய நாலு வீட்டுக் கட்டடங்களை இடித்துப் பெரிதாகக் கட்டும் பருவம். கட்டி முடித்த சுவரை உடைத்து இரண்டாவது குழாய் போட யாரும் முன்வரமாட்டார்கள். அஸ்திவாரம் போடும்போதே போட்டால் செலவு சொற்பம். உங்கள் கட்டடம் இடிபடப் போகிறதென்றால், பில்டரோடு கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் கார் நிறுத்தத்துக்கும் லிஃப்டுக்கும் பக்கத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: கழிவறைக்குத் தனிக் குழாய், தனித் தொட்டி, வேறு நிறம்.