மின்சாரச் சிக்கனமே புதிய சுதேசியம்

விருதுநகர் ஜில்லா மழைக்கு ஏங்கும் வறண்ட பூமி. ஆயினும், சிவகாசி மக்கள் அவ்வறட்சியையே மூலதனமாக்கிக் கொண்டவர்கள். ஸ்வீடன் தேசத்துத் தீப்பெட்டிகள் நமது கடைவீதிகளை நிறைத்திருந்த காலத்தில், 1922-ல், அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று அத்தொழிலைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசுத் தொழிலும் அங்கே வேரூன்றியது. பட்டாசை உலர்த்த விறகு தேவைப்படவில்லை. வெயிலே உலர்த்தித் தந்தது. எரிபொருளில் சிக்கனம் காணும் தொழிலே ஏழைத் தேசத்திற்கு ஏற்றது என்னும் பாடத்தை நாம் இதனின்றும் கற்கலாம்.

இன்று உலகம் செயற்கை நுண்ணறிவு யந்திரங்களின் பின்னால் ஓடுகிறது. இவற்றையும் பிற கணினிகளையும் கொண்ட கூடங்கள் 2024-ல் உலகெங்கும் சுமார் 41,500 கோடி யூனிட் மின்சாரத்தை விழுங்கின என்றும், 2030-ல் இது இரு மடங்குக்கு மேலாகும் என்றும் சர்வதேச எரிசக்தி ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. செல்வத்தில் மிதக்கும் தேசங்கள் இதைத் தாங்கலாம். நாம் தாங்குவது எங்ஙனம்?

இவ்வளவு மின்சாரமும் கணக்கிடுவதற்கே செலவாகிறது என்று எண்ணுவது பிழை. கணிசமான பகுதி எண்களைச் சுமப்பதிலேயே கழிகிறது. நினைவகம் ஓரிடத்தில், கணக்கிடும் பகுதி மற்றோரிடத்தில். ஓர் எண்ணை வெளி நினைவகத்திலிருந்து கொண்டுவருவதற்கு, அதைப் பெருக்க ஆகும் சக்தியைப்போல் நூறு மடங்குக்கும் மேல் வேண்டியிருக்கிறது. குச்சி ஒரு கிடங்கிலும் மருந்து தொலைவில் வேறொரு கிடங்கிலும் இருக்க, ஒவ்வொரு குச்சியையும் தனித்தனியே தூக்கிக்கொண்டு ஓடும் தீப்பெட்டி ஆலை லாபம் காணுமா? மனித மூளையோ, நினைவையும் சிந்தனையையும் பிரித்து வையாமல், ஏறக்குறைய 20 வாட் சக்தியில் தன் வேலையனைத்தையும் முடித்துக்கொள்கிறது.

இத்துறையில் நம்மவர் சோம்பியிருக்கவில்லை. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 2024-ல், மெல்லிய மூலக்கூறுப் படலம் ஒன்றில் 16,500 மின்நிலைகளைப் பதித்து, எண்களைச் சேமித்த இடத்திலேயே கணக்கிடும் முறையை வெளியிட்டனர். சிப் வடிவமைக்கும் ஆற்றல் தமிழகத்தில் உண்டென்பதற்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' சாட்சி. 2018-ல் அதன் ஒரு சிப் அமெரிக்க ஆலையிலும், மற்றொன்று நமது சண்டிகர் ஆலையிலும் உருப்பெற்றன.

எனினும், 2024-ல் மத்திய சர்க்கார் 10,372 கோடி ரூபாயில் வகுத்த செயற்கை நுண்ணறிவுத் திட்டத்தின் கூடங்களில் நிறைந்திருப்பவை அந்நியர் வடிவமைத்த சிப்களே. உடனடித் தேவைக்கு வாங்குவதை நாம் குறைகூறவில்லை. வாங்குவதோடு நின்றுவிட்டால், ஸ்வீடன் தீப்பெட்டியின் கதையே மீளும் என்றுதான் எச்சரிக்கிறோம்.

சிப் ஆலைக்குப் பல்லாயிரம் கோடி வேண்டுமே என்பர் சிலர். மெய்தான். ஆனால் வடிவமைப்புக்கு ஆலை வேண்டுவதில்லை. கணிதமும் பௌதிகமும் கற்ற வாலிபர்களும் யுவதிகளுமே வேண்டும். விருதுநகர் ஜில்லாவில் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. அடிக்கடி நிகழும் வெடி விபத்துகளில் உற்றாரைப் பறிகொடுத்த குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்கு அபாயமற்ற தொழிலை நாடுவதும் நியாயமே. அப்பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, உபகாரச் சம்பளம் அளித்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்புவது ராஜ்ய சர்க்காரின் கடமை. அவர்கள் திரும்பியதும் தொழிற்கூடம் அமைத்துத் தருவது சிவகாசித் தனவந்தர்களின் கடமை.

அன்று இருவர் கல்கத்தா சென்றனர். ஓர் ஊர் பிழைத்தது. இன்று இருநூறு பேர் செல்லட்டும்.