மண்சரிவில் புதைந்தவரை நாய் எப்படி அறிகிறது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் கண்டி மாவட்டத்து மலைகள் பல இடங்களில் சரிந்தன. அடைமழை பிடித்தால் அம்மாவட்டத்துத் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் பலருக்கு இரவில் உறக்கமில்லை. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவில் லயன்களோடு புதைந்தவர்களில் பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. கருமாதி செய்வதா, காத்திருப்பதா என்று தவிக்கும் குடும்பங்களுக்குக் கைகொடுக்கக்கூடியவை, பிண வாடை அறியப் பழகிய நாய்கள்.

2020 ஓகஸ்டில் மூணாறு பெட்டிமுடியில் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடியிருப்பு மண்ணில் புதைந்தபோதும், 2024 ஜூலையில் வயநாட்டில் மலை சரிந்தபோதும் கேரளப் பொலிஸ் இத்தகைய நாய்களை இறக்கியது. மாயா, மர்ஃபி என்ற நாய்களின் பெயர்கள் வயநாட்டில் எல்லோர் வாயிலும் அடிபட்டன.

இந்த நாய்களுக்கு எதை முகரக் கொடுத்துப் பழக்குவது? உடல் அழுகும்போது நுண்ணுயிர்கள் புரதத்தை உடைக்கின்றன. அப்போது உண்டாகும் புட்ரெசின், கடாவரின் என்ற இரு பொருட்களை ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் பிரீகர் 1880களிலேயே இனங்கண்டார். அவற்றைக் கொண்டு தயாரித்த செயற்கை வாடை கடையில் கிடைக்கிறது. ஆனால், அது மட்டும் போதாது. அழுகிய மீனிலும் இறைச்சியிலும் அவையே இருக்கின்றன. சிதையும் உடலிலிருந்து எழுவதோ கந்தகச் சேர்மங்கள் உட்பட நூற்றுக்கணக்கான ஆவிகளின் கலவை. உப்பையும் புளியையும் முகரவைத்துவிட்டு மீன்குழம்பைத் தேடச் சொன்னால் யாரால் முடியும்?

ஆகவே தேர்ந்த பயிற்சியாளர்கள் அசலையே நாடுகிறார்கள்: இரத்தம் தோய்ந்த துணி, நஞ்சுக்கொடி, பல், எலும்பு, சடலம் கிடந்த இடத்து மண். உடலைத் தொடாமலும் வாடையைப் பிடிக்கலாம். ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், அப்போதுதான் இறந்தவர்களின் உடலுக்கு அடியில் கம்பளத் துண்டுகளைச் சில நிமிடங்கள் மட்டும் வைத்தெடுத்தார்கள். 10 நிமிடம் இருந்த துண்டுகளை நாய்கள் 98 சதவீதம் சரியாகக் காட்டின.

பயிற்சியில் கவனம் முக்கியம். மாதிரியைக் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி வைக்க வேண்டும். கையுறை அணிந்து இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். வெறுங்கை பட்டால் நாய் பயிற்சியாளரின் வாடையையே தேடப் பழகிவிடும். ஆட்டெலும்பு, கோழியிறைச்சி, புதுக் கையுறை ஆகியவற்றையும் தனித்தனிப் போத்தல்களில் வைப்பார்கள்; அவற்றை விட்டுவிட்டு மனிதப் பிண வாடைக்கு மட்டும் உட்கார்ந்து காட்டும் நாய்க்கே பந்து பரிசாகக் கிடைக்கும்.

நாய் தனக்குக் கற்பித்ததையே தேடும்; ஆகவே இங்குள்ள நாய்களுக்கும் அசல் மாதிரிகள் வேண்டும். இலங்கைப் பொலிஸ் நாய்ப் பிரிவின் தலைமையகம் கண்டி அஸ்கிரியவில் இருக்கிறது. மருத்துவக் கல்விக்கு உடல் தானம் பெறும் மருத்துவ பீடம், தெல்தோட்டையிலிருந்து கலஹா வழியாக இறங்கினால் வரும் பேராதனையில் இருக்கிறது. தானம் தருபவரின் முழுச் சம்மதத்தோடு சில துணி மாதிரிகள் பீடத்திலிருந்து நாய்ப் பிரிவுக்குப் போக முறையான, சட்டபூர்வமான வழி வேண்டும். அந்த ஏற்பாட்டை அடுத்த பருவமழைக்கு முன்பே செய்துவைக்க வேண்டும். மலை சரிந்த பிறகு நாயைப் பழக்க நேரம் இருக்காது.