கணினி விளையாட்டின் மேற்சீலை

வில்லியனூர்த் தேரோட்டத்தைக் கண்டவர்கள் உங்களுள் பலர் இருப்பீர்கள். ஆனால் தேரோட்டத்திற்குச் சில நாள் முன்பு, சீலை கட்டாத தேரை நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்? கீழே மரச்சிற்பங்கள் நிறைந்த கனத்த உடல். மேலே கழிகளைக் கயிற்றால் பிணைத்த வெறுங்கூடு. அக்கூட்டின்மேல் வண்ணச் சீலைகளைப் போர்த்திய பிறகுதான் அது நம் கண்ணுக்குத் தேராகிறது. பிள்ளைகள் கணினியில் ஆடும் விளையாட்டுகளிலும் இதே ஏற்பாடுதான். திரையில் தோன்றும் வீடும் மரமும் சாலையும் உள்ளே முக்கோணங்களால் முடைந்த கூடுகளே. அவற்றின்மேல் போர்த்தும் படத்தை ஆங்கிலத்தில் டெக்ஸ்சர் என்கிறார்கள். மேற்சீலை என்று நான் சொல்லப் போகிறேன்.

பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். ஒரு வீட்டின் பொருட்டு இதற்குள் வந்தேன். புதுச்சேரியின் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் எங்கள் பூர்விக வீடு இருந்தது. கீழே வீதியை ஒட்டி மரத்தூண்களோடு தாழ்வாரம், அதை அடுத்துத் திண்ணை. மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணியில் வளைவுச் சன்னல்கள். வைசியாள் வீதியில் இத்தகைய முகப்புகள் வரிசையாகப் புதுப்பிக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். எங்கள் வீட்டுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. உடன்பிறந்தார் ஐவர், பங்கு பிரிக்க வேறு வழி தோன்றாமல் 2023 ஆம் ஆண்டு விற்றுவிட்டோம். இடிப்பதற்கு முந்தின வாரம் பேத்தியும் நானும் சென்று சுவர், தூண், கதவு, கொல்லை முருங்கை ஒன்றுவிடாமல் புகைப்படம் எடுத்து வந்தோம்.

சூப்பர்டக்ஸ்கார்ட் என்றொரு பந்தய விளையாட்டு உண்டு. அது கட்டற்ற மென்பொருள். எவரும் அதன் உள்ளே புகுந்து பார்க்கலாம், மாற்றலாம், பிறர்க்கு வழங்கலாம். அதில் எங்கள் வீதியையே ஓடுபாதையாக அமைக்கவேண்டும் என்பது பேத்தியின் ஆசை. பிளெண்டர் என்னும் கருவியில் அவள் கூடு முடைந்தாள். சீலை என் பங்காயிற்று. என் பழைய கணினியில் விண்டோசை நீக்கி லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவித் தந்தாள். படம் திருத்தக் கிம்ப் என்னும் மென்பொருள். 1995 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெர்க்லியில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள் தொடங்கிய பணி அது. இன்றும் காசு கேட்பதில்லை.

சுவரிலிருந்து தொடங்கினேன். மேகம் மூடிய காலையில் எடுத்த படம்தான் இதற்கு ஏற்றது. விளையாட்டு தன் வெயிலையும் நிழலையும் தானே தரும். படத்திலும் நிழல் இருந்தால் இரண்டு சூரியன் காய்வதுபோல் ஆகிவிடும். சாய்ந்து விழுந்த படத்தை நேராக்கி, 512க்கு 512 அல்லது 1024க்கு 1024 புள்ளி கொண்ட சதுரமாக வெட்டவேண்டும். இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் வரும் எண்கள் இவை. தொலைவில் தெரியும் சுவருக்காக அதே படத்தைப் பாதி, அதில் பாதி என்று ஒரே புள்ளி எஞ்சும் வரை சுருக்கி வைப்பார்கள். அதற்கு இவ்வெண்களே வசதி.

நீண்ட சுவருக்கு ஒரே சதுரத்தைத் தரையோடு பதிப்பதுபோல் அடுத்தடுத்து ஒட்டுகிறார்கள். ஆகவே இடது ஓரமும் வலது ஓரமும் இசைய வேண்டும். கிம்பில் படத்தைப் பாதியளவு நகர்த்தினால் ஓரங்கள் இரண்டும் நடுவில் வந்து சந்திக்கும். அந்தத் தையலை அருகிலுள்ள காரையின் நிறத்தை எடுத்துப் பூசி மறைத்தேன். இங்கேதான் எனக்கு ஒரு சங்கடம் வந்தது. எங்கள் வாசற்கதவின் அருகே என் தாயார் பால் கணக்குக்காகக் கரியால் கோடு போடுவார். எத்தனையோ வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சுக்குத் தப்பி ஒரு வரிசைக் கோடுகள் எஞ்சியிருந்தன. சதுரத்தில் அவை இருந்தால் சுவர் முழுதும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் அதே பால் கணக்கு! திரும்பத் திரும்ப வரும் சீலையில் கண்ணில் படும் அடையாளம் ஒன்றும் இருத்தலாகாது என்பது தொழிலின் விதி. நான் வீட்டை நினைவுகூர்வதோ அந்த அடையாளங்களால்தான். அன்றிரவு கோடுகளை அழித்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் சுவரே காணோம். எல்லாம் வெளுத்துக் கிடந்தது. காரணம் வேடிக்கையானது. கோப்புக்குச் சுவர் என்று பொருள்படும் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதியிருந்தேன். பேத்தி தன் கூட்டில் சிறிய எழுத்தில் எழுதியிருந்தாள். விண்டோசு இரண்டையும் வழக்கமாக ஒன்றெனவே கொள்ளும். லினக்ஸுக்கு அவை இருவேறு பெயர்கள். வேற்று இயங்குதளத்தில் செய்த சீலைகளை லினக்ஸுக்குக் கொண்டுவருவோர் பலர் இதில்தான் இடறுகிறார்கள். எழுத்தில் பெரியது சிறியது என்னும் வேற்றுமையே அறியாத தமிழில் பெயர் வைத்திருந்தால் இந்த வழக்கே எழுந்திராது.

முருங்கை இன்னும் படுத்தியது. ஒவ்வோர் இலையையும் கூடாக முடைந்தால் கணினி தாங்காது. ஒரு தட்டையான பரப்பில் கிளையின் படத்தை வைத்து, இலையல்லாத இடத்தை ஒளிபுகு புள்ளிகளாக விட்டுவிடுவார்கள். செய்து கொடுத்தேன். “தாத்தா, வீடு வந்துவிட்டது, முருங்கைதான் கருகிப் போயிருக்கிறது” என்றாள். பார்த்தால் ஒவ்வோர் இலையின் ஓரத்திலும் கரிய கோடு. ஒளிபுகு புள்ளிக்கும் உள்ளே ஒரு நிறம் உண்டு. கண்ணுக்குத் தெரியாதே தவிர, கணக்கில் இருக்கிறது. தொலைவிலிருந்து வரையும்போது கணினி அண்டைப் புள்ளிகளின் நிறங்களைக் கலந்து சராசரி காண்கிறது; மறைந்திருந்த கறுப்பு அப்போது இலையோரத்தில் கசிந்துவிடுகிறது. ஆகையால் இலைக்கு வெளியேயும் இலைப்பச்சையையே பூசி, அதன் மேல் ஒளிபுகும் தன்மையை மட்டும் தனியே வெட்டவேண்டும். அப்படிச் செய்தும் முதல்முறை பலிக்கவில்லை. கிம்ப் படத்தை வெளியேற்றும்போது, ஒளிபுகு புள்ளிகளின் நிறத்தையும் சேமிக்கவா என்று ஒரு சிறு கட்டம் கேட்கிறது. அதில் நான் குறியிடவில்லை. குறியிட்டதும் முருங்கை தளிர்த்தது.

சீலைகளைச் சுருக்கி வைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 1024 புள்ளிச் சதுரத்துக்கு, புள்ளிக்கு நான்கு பைட் வீதம், நான்கு மெகாபைட் இடம் வேண்டும். 1990களின் பிற்பகுதியில் எஸ்3 என்னும் நிறுவனம் ஓர் உபாயம் கண்டது. பதினாறு புள்ளிகளை ஒரு கட்டமாகக் கொண்டு, இரண்டு நிறங்களை மட்டும் எழுதிவைத்து, இடைப்பட்ட இரண்டைக் கணக்கிட்டுக்கொள்வது. இதனால் நான்கு மெகாபைட் அரை மெகாபைட்டாகிறது. ஆனால் அதற்குக் காப்புரிமை இருந்தது. லினக்ஸின் வரைவியல் நூலகமான மெசா அதைத் தன்னுள் சேர்க்க இயலாமல் நின்றது. வேண்டுவோர் ஒரு துணை நூலகத்தைத் தனியே தேடி நிறுவிக்கொண்டார்கள். 2017 அக்டோபர் 2 ஆம் நாள் காப்புரிமை முடிந்தது. காந்தியடிகள் பிறந்த நாளாக அது அமைந்தது தற்செயல்தான். அவ்வாண்டு முடிவதற்குள் மெசா அதைச் சேர்த்துக்கொண்டது. இவ்வகையில் சுருக்கிய சீலைகள் பெரும்பாலும் டிடிஎஸ் என்னும் கோப்பு வடிவில் வரும். 2019 ஆம் ஆண்டின் 2.10.10 பதிப்பு முதல் கிம்ப் தானே அவற்றைத் திறக்கிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சுருக்கிய கோப்பைத் திறந்து திருத்தித் திரும்பச் சுருக்கினால் ஒவ்வொரு முறையும் நிறம் சிறிது கெடும். மூலப்படத்தைத் தனியே வையுங்கள்.

நான் வைத்திருந்தேன். கரிக்கோடுகள் அதிலேயே இருந்தன. வாசற்கதவை ஒட்டிய துண்டை மட்டும் தனிப்பரப்பாக வெட்டித் தரும்படி பேத்தியிடம் கேட்டேன். அதற்குத் திரும்ப வராத தனிச்சீலை ஒன்று நெய்தேன். கட்டத்துக்கு நான்கு நிறம் என்னும் சிக்கனத்தில் மெல்லிய கோடுகள் திட்டுத்திட்டாயின. ஆகவே அத்துண்டை இருமடங்கு அளவில் செய்தேன். பந்தய வண்டிகள் அந்த இடத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடுகின்றன. பேத்தி மட்டும் ஒருமுறை வண்டியை அங்கே நிறுத்தி, “இதில் ஏழு கோடுதானே இருக்கிறது, அந்த மாதம் பால்காரர் வரவில்லையா?” என்று கேட்டாள். மற்றவை எல்லாரையும் முந்திச் சென்றுவிட்டன.