மேற்பதிவிலிருந்து இறங்கும் தடைக்குறிகள்

கலிபோர்னியாவிலுள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவில், பொரி வல்லூறுகள் கூடு வைக்கும் செங்குத்துப் பாறைகளில் மார்ச் 1 முதல் ஜூலை 15 வரை ஏறுதல் தடுக்கப்படுவது வழக்கம். ஏறுதளங்களைத் தொகுக்கும் இணையத் தரவுத்தளங்கள் சிலவற்றில், பாறையின் பதிவிற்கு இடும் தடைக்குறி அதிலுள்ள ஏறுபாதைகள் அனைத்திற்கும் தானே இறங்கும். அதனைப் பள்ளத்தாக்கு முழுமைக்கும் இட்டால், கூடில்லாத பாறைகளும் மூடப்பட்டனவாகத் தோன்றும். நாளடைவில் ஏறுவோர் குறியையே மதியார். கூடுள்ள பாறையிலும் ஏறுவர். அடைகாக்கும் பறவை வெருண்டு அகல, முட்டைகள் குளிர்ந்து கெடும். பாதைதோறும் தனித்தனியே குறித்தாலோ, தடை நீங்கிய பின்னும் சில குறிகள் அழிக்கப்படாமல் எஞ்சும். ஆகவே, தடைக்குரிய பாறைக்கு மட்டும் ஒருமுறை குறியிட்டு, காரணம், காலவரை, ஆணையிட்ட அலுவலகம் ஆகியவற்றையும் உடன் பதிதல் வேண்டும்.