'ஆம்பளை மாதிரி ஆடுடா!' - கிரவுண்டில் நாம விடுற வார்த்தை

கும்மிடிப்பூண்டியில் சிப்காட் ஷிஃப்ட் முடிச்சு ஆடும் மேட்சோ, லண்டன் ஸ்டேடியமோ... ஃபுட்பாலில் இந்தக் கிண்டல் சகஜம். ஆனா, தன்பாலின ஈர்ப்புள்ள ஒரு வீரரை வாய்மூட வைக்க இதுவே போதும்.

1990-ல் இங்கிலாந்து வீரர் ஜஸ்டின் ஃபஷானு தன்னைப் பற்றி வெளிப்படையாகச் சொன்னார். உடன்பிறந்த தம்பியே பகிரங்கமாக ஒதுக்கினார். அதன்பிறகு, அங்கே ஆடிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு தொழில்முறை ஆண் வீரர் வெளிப்படையாகச் சொல்ல 32 வருஷம் ஆச்சு. 2022-ல் அதைச் சொன்ன ஜேக் டேனியல்ஸுக்கு வயது 17. இந்த முறை பிளாக்பூல் கிளப் துணை நின்றது.

இங்கே 2018-ல் சுப்ரீம் கோர்ட், தன்பாலின உறவு குற்றமல்ல என்றது. மறு வருஷம், ஃபுட்பாலில் இல்லை, தடகளத்தில் ஒரு குரல் வந்தது: ஒடிசாவின் டூட்டி சந்த். அவருக்கும் வீட்டில் எதிர்ப்புதான்.

சட்டம் மாறிடுச்சு. அடுத்த மேட்சில் அந்தக் கிண்டலைக் கேட்டா, சிரிக்காம இருப்போமா?