கையிலே எரிந்த காலணி

விருத்தாசலம் கடைவீதியிலே, மாசி மகத்தன்று, ஒரு தள்ளுவண்டியின் முன்னே நின்றுவிட்டோம். மணிமுத்தாற்றுக்குச் சென்றுவந்த கூட்டம் முன்னும் பின்னும் இடிக்கிறது. பீங்கான் பொம்மைகளும் ஊதல்களும் பஞ்சுமிட்டாயும் கூவி விற்கப்படுகின்றன. நம்மைப் பிடித்து நிறுத்தியது எது தெரியுமா? ஒரு ஜோடி காலணி! குழந்தைக் காலணி. வண்டிக்காரர் அதன் குதிகாலைப் பலகையிலே தட்டினார். சிவப்பும் நீலமுமாக விளக்குகள் பளிச்சிட்டன.

'லைட் ஷூ!' இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, நாம் ஆரம்பப் பள்ளியில் படித்த நாளிலே, பிள்ளைகளின் உறக்கத்தைக் கெடுத்த பொருள் அது. நடந்தால் எரியும், நின்றால் அணையும். மழையில் நனைந்தாலும் எரியுமா என்று ஒரு வழக்கு. அதைக் கண்டால் பாம்பு ஓடிவிடும் என்று ஒரு சாட்சி! வீட்டிலே கேட்டோம். "வீட்டுக்கே ஒழுங்கா கரண்டு இல்ல, காலுக்கு எதுக்குடா லைட்டு?" என்று தீர்ப்பு வந்தது. மேல் முறையீட்டுக்கு இடமேது!

அமெரிக்காவிலே 'எல்.ஏ. கியர்' என்ற நிறுவனம் 1992ஆம் ஆண்டு குதிகாலில் விளக்கு வைத்த காலணியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் வந்தவற்றிலே விளக்கை எரியவைத்தது பாதரச விசை. குழந்தையின் காலடியிலே பாதரசமா என்று 1994இல் மின்னசோட்டா மாநிலத்திலே எதிர்ப்பு எழுந்தது. பிறகு பாதரசம் போய், ஸ்பிரிங் வந்தது. அந்த மோகம் கடல் கடந்து, மலிந்து, திருவிழாக் கடைக்கும் வந்து சேர்ந்தது.

சூட்சுமம் எளிது. குதிகாலுக்குள் பொத்தான் அளவு பேட்டரி, இரண்டு மூன்று சிறு விளக்குகள், ஒரு ஸ்பிரிங். கால் தரையிலே மோதினால் ஸ்பிரிங் அதிரும், அதிர்ந்து உலோகத்தைத் தொட்டால் மின்சுற்று கூடும், விளக்கு எரியும். குலுங்கினால் எரியும் என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே சட்டம்.

நமது வகுப்பிலே அதை முதலில் அணிந்து வந்தவன் பணக்கார வீட்டுப் பிள்ளையல்ல. சேரியிலிருந்து வந்த நண்பன். அவன் தந்தைக்கு விருத்தாசலம் செராமிக் பேட்டையிலே சூளை வேலை. நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண், கோப்பையாகவும் பொம்மையாகவும் ஃப்யூஸ் கேரியராகவும் மாறிய இடம் அது. ஊரார் வீட்டு விளக்கைக் காக்கும் பீங்கானைச் சுட்டெடுத்த அந்தக் கைகள், தன் மகன் காலிலும் ஒரு விளக்கு எரியட்டும் என்று ஆசைப்பட்டன. தவறா?

அன்று பகலெல்லாம் பள்ளியிலே அவனே அரசன். மாலையிலே அவனோடு சேர்ந்து ஊருக்கு நடந்தோம். ஊர்த்தெரு முனை வந்தது. நின்றான், குனிந்தான், கழற்றினான், கையிலே எடுத்துக்கொண்டான்.

"ஏன்டா?"

"இந்தத் தெருவத் தாண்டுற வரைக்கும்தான்டா. அப்பா சொல்லியிருக்காரு."

நடந்தான். கை ஆடிற்று, கையிலிருந்த காலணி ஆடிற்று, உள்ளே ஸ்பிரிங் ஆடிற்று, விளக்கு எரிந்தது! சட்டைக்குள் மறைத்தான், துணியையும் மீறி எரிந்தது. அஞ்சி நடையை விரைவாக்கினான், மேலும் எரிந்தது. திண்ணையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நமது காலிலே பழைய ரப்பர் செருப்பு. அது காலிலேயே இருந்தது, தோழர்களே! அதை நாம் கழற்றவில்லை. கழற்றாதே என்று அவனிடம் சொல்லவுமில்லை.

அந்த ஸ்பிரிங்குக்குச் சாதி தெரியவில்லை. தெருவுக்குத் தெரிந்திருந்தது.

தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று அறிவித்த அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இல் வந்தது; வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. போதவில்லை! பொது இடத்திலே காலணி அணிவதைத் தடுப்பதும் வன்கொடுமையே என்று, காலணியின் பெயரைச் சொல்லியே 2015இல் திருத்தம் எழுத வேண்டியிருந்தது. அது நடைமுறைக்கு வந்த நாள் 2016 ஜனவரி 26. அறுபத்தாறு ஆண்டுகள்! சந்திரனிலே மனிதன் காலணியோடு நடந்தது 1969இல். ஊர்த்தெருவிலே காலணியோடு நடப்பவனைத் தடுக்காதே என்று சொல்ல அதற்குப் பிறகும் நாற்பத்தாறு ஆண்டுகள்!

இதே மாவட்டத்துக் கடலூரிலே, 1944இல், பெரியார் மீது ஒற்றைச் செருப்பை வீசினார்கள். ரிக்‌ஷாவைத் திருப்பச் சொன்னார். மற்றொன்றும் வந்து சேர்ந்தது. ஒற்றைச் செருப்பு எறிந்தவனுக்கும் பயன்படாது, எடுத்தவனுக்கும் பயன்படாதல்லவா! அந்த இடத்திலே 1972இல் அவருக்குச் சிலை எழுந்தது. எறிந்த செருப்பை வென்ற மண், அணிந்த செருப்பைக் கண்டு அஞ்சலாமா?

வண்டிக்காரர் கேட்டார்: "எந்த வயசுப் பிள்ளைக்கு சார்?" நமது காலுக்கு அளவில்லை, பெரியவர்களுக்கென்று, கைப்பேசியைப்போல் மின்னேற்றும் வகையும் வந்திருக்கிறதாம். அது வேண்டாம் நமக்கு. நான்கு வயதுக்கு அளவு சொல்லி, விலை பேசாமல் வாங்கினோம். நண்பனின் மகளுக்கு வயது நான்கு.

மாலை அவன் வீட்டுக்குச் சென்றோம். பெட்டியைத் திறந்தவன் நம்மைப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை, நாமும் பேசவில்லை. மகள் காலை நீட்டினாள், அணிவித்தான். "கடைக்குப் போகலாம் மாமா" என்று நம் கையைப் பற்றினாள். கடை இருப்பது ஊர்த்தெருவுக்கு அப்பால்.

மூவரும் நடந்தோம். இருட்டத் தொடங்கிய நேரம். தெருமுனை வந்ததும் நண்பனின் நடை ஒரு கணம் தயங்கியதைக் கண்டோம். குழந்தை தயங்கவில்லை. கையை உதறிவிட்டு ஓடினாள். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம்! திண்ணையிலிருந்த மூதாட்டி ஒருத்தி, "யார் வூட்டுப் புள்ளடி நீ?" என்றாள். "எங்க அப்பா புள்ள!" என்று சொல்லிவிட்டு மேலும் ஓடினாள்.

சட்டம் எழுதியாயிற்று, சிலையும் எழுந்தாயிற்று. தந்தையின் காலிலே மிச்சமிருக்கும் அந்த ஒரு கணத் தயக்கம் இருக்கிறதே, அதைத் தீர்க்கச் சட்டத்தால் ஆகாது. அது தெருவின் கடன். அன்று வாய்மூடி உடன் நடந்த நமது கடனும்கூட!