ஸ்டியரிங் ஆட்டம்: குழிக்குள் இறங்கலாம் வாங்க!

தலை இடிக்காமல் குனிந்து ஒர்க்ஷாப் குழிக்குள் இறங்குங்கள். மேலே நிற்பது பழைய மாருதி 800. 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்து, 2014 ஜனவரியோடு தயாரிப்பு நின்றுபோன அதே செல்லம்தான். இன்ஜின் ஜம்மென்று இருக்கிறது. ஸ்டியரிங்தான் ‘ப்ளே’ காட்டுகிறது: கொஞ்சம் திருப்பினால் சக்கரம் கண்டுகொள்வதே இல்லை! மோட்டார் வாகன விதி இந்த ஆட்டத்தை 30 டிகிரி வரை பொறுத்துக்கொள்ளும். மெக்கானிக் அண்ணன் அவ்வளவு பொறுமைசாலி இல்லை.

“தம்பி, லேசா ஆட்டு!”

“ஆட்டுறேண்ணே!”

மேலே பையன் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்க, கீழே அண்ணன் ஜாயிண்ட் ஜாயிண்ட்டாக விரல் வைக்கிறார். கண்ணுக்கு இங்கே வேலையே கிடையாது! ஒரு பக்கம் நுழைந்த அசைவு மறுபக்கம் வரவில்லையென்றால், ஆள் அகப்பட்டான். ஸ்டியரிங் தண்டின் ஜாயிண்ட்? கெட்டி. ரேக் புஷ்? கெட்டி. ரப்பர் பூட்டை அமுக்கினால் உள்ளே தட்டுப்படும் ரேக் எண்ட்? தேவலாம். டை ராட் எண்ட்... அட, விரலிலேயே அடிக்கிறதே!

சந்தேகமா? ஜாக்கி போட்டுச் சக்கரத்தை இடம் வலமாகப் பிடித்து ஆட்டுங்கள். அதிலும் அதே ஆட்டம்! மேலும் கீழுமாக ஆடியிருந்தால் பால் ஜாயிண்ட்டையோ வீல் பேரிங்கையோ பிடிக்க வேண்டும். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால், அது பேரிங்.

ரேக்கில் ஓர் அட்ஜஸ்ட் ஸ்க்ரூ இருக்கிறது, பார்த்தீர்களா? முறுக்கினால் நொடியில் ஆட்டம் அடங்கும். கை பரபரக்கும். தொடாதீர்கள்! ரேக்கின் பல் அதிகம் தேய்வது நடுவில்தான். நடுவுக்குத் தோதாக முறுக்கினால், திருப்பத்தில் இறுகிப் பிடிக்கும். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது.

இப்போதுதான் கிளைமாக்ஸ்! டை ராட் எண்ட்டின் ஸ்ப்ளிட் பின்னை உருவி, நட்டைத் தளர்த்தி, சுத்தியலால் ஓர் அடி. போல்ட்டின் தலையில் அல்ல, அது உட்கார்ந்திருக்கும் ஸ்டியரிங் ஆர்மின் பக்கவாட்டில். டக்! கழன்றது! பழையதைக் கழற்றும்போது எண்ணிய சுற்றுக் கணக்கிலேயே புதியதை ஏற்றி, புது ஸ்ப்ளிட் பின் போட்டால் முடிந்தது.

முடிந்ததா? சுற்றை எவ்வளவு சரியாக எண்ணினாலும் சக்கரக் கோணம் இம்மி பிசகும், டயர் ஓரம் தேயும். வீல் அலைன்மெண்ட் பில்லைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அண்ணன் சாவியையே தருவார்!